ஆச்சியின் டப்பாவில் பத்து லட்சம் இருந்ததா?



எங்க ஆச்சியிடம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா உண்டு. வெற்றிலை வாங்க வச்ச சில்லறையோடு பழைய காசுகளும் அதில் கிடக்கும். சின்ன வயசில் அதைக் கொட்டிக் குலுக்கி விளையாடுவேன். அந்த டப்பாவால் எங்க வீட்டில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. உங்க வீட்டிலும் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மொபைலில் வந்த ஒரு வீடியோவை அண்ணன் பார்த்தான். வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசு இருந்தால் பத்து லட்சம் தருவோம் என்று அதில் சொன்னார்கள். உடனே டப்பாவைக் கொட்டினோம். அந்தக் காசு இருந்தது! வீட்டில் ஒரே சந்தோசம். அண்ணன் அந்த நம்பருக்குப் பேசினான். பதிவுக் கட்டணம் 1,550 ரூபாய் கேட்டார்கள். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற அம்மா வச்சிருந்த பணத்தில் இருந்து அனுப்பினோம். மறுநாள், வரி 12,500 கட்டினால் பணம் வந்துவிடும் என்றார்கள். அடகு வைக்க அம்மா காதில் கிடந்த கம்மலைக் கழற்றிட்டாங்க. அப்போதான் ஆச்சி கேட்டாங்க: "சக்கரம் தாறவன் எதுக்குட்டி நம்மகிட்ட சக்கரம் கேக்கான்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு நம்ம சமூக அறிவியல் டீச்சரிடம் போனேன். டீச்சர் ஆய்வகத்தில் இருந்து ஒரு லென்சு வாங்கித் தந்து, எல்லாக் காசையும் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு காசிடமும் இரண்டு கேள்வி கேட்கணுமாம். ஒன்று, இது பிறக்கும்போதே இப்படியா, பிறகு இப்படி ஆனதா? இரண்டு, இதைப் போல எத்தனை இருக்கு?

பிறவிக் குறையும் பிறகு வந்த குறையும்

காசு அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை என்று பெயர். அங்கே உலோகத் தகட்டில் இருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். பிறகு இரண்டு அச்சுக்கு நடுவில் வில்லையை வைத்து ஓங்கி அடிப்பார்கள். ஒரே அடியில் தலையும் பூவும் விழும். இதில் எப்போதாவது தப்பு நடக்கும். அந்தத் தப்புக் காசைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

வில்லை நகர்ந்துவிட்டால் படம் ஒரு பக்கமாக விழும். மறுபக்கம் பிறை போல வெறுமையாக இருக்கும். முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் அதே படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிக் குழிவாக விழும். வெட்டும்போது பழைய துளை மேலேயே வெட்டு விழுந்தால், கடித்த பிஸ்கட் போல ஒரு ஓரம் வளைவாகக் குறைந்திருக்கும். அப்படிப்பட்ட காசில் கடிக்கு நேர் எதிர் விளிம்பும் மங்கலாக இருக்கும்.

டப்பாவில் ஓரம் குறைந்த ஒரு ரூபாய் ஒன்று இருந்தது. நான் துள்ளினேன். லென்சில் பார்த்தால் வெட்டுப்பட்ட இடத்தில் அரம் ராவிய கோடு. எதிர் விளிம்பு முழுசாக இருந்தது. யாரோ வெட்டியது! எழுத்து நசுங்கியிருந்தால், கீறல் எழுத்து மேலேயே ஓடினால், உலோகம் பிதுங்கி நின்றால் அது அடிபட்ட காசுதான். தண்டவாளத்தில் வைத்து நசுக்கின காசும் அப்படியே. (தண்டவாளத்துப் பக்கமே போகாதீங்க. உயிருக்கு ஆபத்து. காசை அழிப்பது 2011 நாணயச் சட்டப்படி குற்றமும் கூட.)

இரண்டு ஓட்டை

டப்பாவில் ஓட்டை போட்ட காசு இரண்டு இருந்தன. ஒன்று ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் செம்பை மிச்சம் பிடிக்க 1943 முதல் 1947 வரை நடுவில் துளையோடே அடித்தார்கள். துளை சரியாக நடுவில் இருக்கும். அதைச் சுற்றித்தான் எழுத்தும் படமும் அமைத்திருப்பார்கள். இன்னொன்று, குழந்தைக்கு அரைஞாணில் கோர்க்க ஆணியால் குத்தின காசு. துளை எழுத்தைத் தின்றிருந்தது. முதலாவது சரித்திரம், இரண்டாவது சேதம். ஆனால் முதலாவதும் லட்சம் பெறாது. ஏராளமாக அடித்த காசு அது.

வருஷத்துக்குக் கீழே பாருங்க

உங்க பையில் இருக்கும் காசை இப்போதே எடுத்துப் பாருங்க. வருஷத்துக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், ஒரு புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. குறி இல்லையே, இது தப்புக் காசு என்று என் தோழி ஒருத்தி சண்டை போட்டாள். அது தப்பில்லை, கொல்கத்தாவின் வழக்கம். 1985-இல் காசு போதாமல் வெளிநாட்டிலும் அடித்தார்கள். அந்த வருஷத்து ஒரு ரூபாயில் 'எச்' எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தது.

படம் மாறினால் கள்ளக்காசு என்றும் நினைக்கக் கூடாது. 10 ரூபாய்க் காசை நம்ம பக்கத்துக் கடைகளில் வாங்க மாட்டேன் என்றார்களே, ஞாபகம் இருக்கா? 14 விதமான வடிவங்கள் வந்திருக்கு, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது.

நம்ம ஊர்ச் சக்கரம்

ஆச்சி பணத்தைச் சக்கரம் என்று சொல்வது ஏன் தெரியுமா? நம்ம நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலத்தில் இங்கே தனிக் காசு ஓடியது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 448 காசு! (கணக்கு சார் சரி பார்க்கலாம்.)

டப்பாவில் ஒரு செம்புச் சக்கரம் இருந்தது. ஒரு பக்கம் சித்திரைத் திருநாள் மகாராஜா, மறுபக்கம் சங்கு. அதில் 1114 என்று வருஷம். ஆயிரம் வருஷப் பழமை என்று அண்ணன் குதித்தான். அது கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825 கூட்டினால் நம்ம ஆண்டு வரும். அதாவது 1938-39.

அபூர்வம் என்றால் என்ன?

பழசு எல்லாம் அபூர்வம் இல்லை. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் ராஜா படம் போட்ட வெள்ளி ரூபாய் வந்தது. ராஜா அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. ஜனங்கள் வாங்க மறுத்தார்கள். கொஞ்சம்தான் வெளியே வந்தது. மீதியை உருக்கிவிட்டு 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால்தான் 'பன்றி ரூபாய்' என்று அதைத் தேடுகிறார்கள். 1939 வருஷத்து வெள்ளி ரூபாயும் அபூர்வம். ஆனால் வருஷத்தை மாற்றிச் செதுக்கின போலிகளும் உண்டு.

1968 முதல் 1971 வரை வந்த 20 பைசா தாமரைக் காசில் தங்கம் இருக்கு என்று சொல்வார்கள். தங்கமே கிடையாது. எங்க வைஷ்ணவி தேவி காசோ 2012-இல் ஞாபகார்த்தமாக வெளியிட்டு, எல்லார் கையிலும் புழங்கியது. அதன் மதிப்பு ஐந்து ரூபாய்தான்.

நான் செய்த தப்பு

டீச்சரிடம் காட்டுவதற்கு முந்தின ராத்திரி, அந்தச் செம்புச் சக்கரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. டீச்சர் பார்த்துவிட்டு, "அய்யோ மக்ளே, தேச்சிட்டியே" என்றார்கள். பழங்காசின் மேல் படியும் கருமைதான் அதன் வயசுக்குச் சாட்சி. தேய்த்தால் அதுவும் போகும், மகாராஜாவின் முகக் கோடும் போகும், விலையும் குறையும். பழங்காசை ஓரத்தில் பிடிக்கணும், கழுவக் கூடாது, காகித உறையில் வைக்கணும்.

கடைசியாக

டீச்சர் சொன்னதும் ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். கம்மல் தப்பியது. பழைய காசு வாங்க, விற்க ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்டால் நம்ப வேண்டாம் என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியாமல் போச்சு. இப்படி ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லணும். நாங்களும் சொன்னோம். 1,550 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை. ஓடும் மாற்றவில்லை. மழை பெய்தால் அந்த இடத்துக்கு நேரே ஒரு சருவம் வைக்கிறோம்.

சக்கரத்தை மட்டும் ஆச்சி தனியாகத் துணியில் முடிந்து வச்சிருக்காங்க. சின்னப் பிள்ளையில் அதைக் கொண்டு போய்க் கருப்பட்டி வாங்கினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காங்க. விற்க மாட்டாங்களாம்.

உங்க வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். அந்த இரண்டு கேள்வியையும் அதனிடம் கேளுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி