உடன்பயிலும் காற்கூறு

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், கல்வியைக் கூறிட்டுக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. ஆசிரியர் உரைத்ததை நிரம்பக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன்கற்பாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு. பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைக்கூறு. இப்பகுப்பைப் பாராட்டாத தமிழாசிரியர் இலர். ஆயினும் நடுவில் நிற்கும் காற்கூறு எதனைத் தருகின்றது என்பது போதிய அளவு ஆராயப்பெறவில்லை. கேட்ட பாடம் உறுதிப்படுதலே அதன் பயன் என்பர். அதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டென்பது என் கருத்து. தான் கற்கும் முறை இன்னதென மாணாக்கன் அறிவது பெரும்பாலும் ஈண்டேயாம்.

முதுகலை வகுப்பில், ஓர் உரையாசிரியரின் உரைத்திறம் பற்றி ஒரு மணி நேரம் விரிவுரை நிகழ்ந்தபின், மாணவரை ஐவர் ஐவராக அமர்த்தித் தத்தம் குறிப்பேடுகளை ஒப்புநோக்கச் செய்வது என் வழக்கம். கேட்டது ஒன்றே, குறித்தவை ஐந்து வகை. ஒருவர் மேற்கோள்களை மட்டுமே நிரப்பியிருப்பார். மற்றொருவர் இடையே சொல்லப்பட்ட கதையை முழுதும் எழுதி, அக்கதை எதனை விளக்க வந்ததோ அதனை விட்டிருப்பார். தனித்திருந்து அக்குறிப்பைப் பத்துமுறை படித்தாலும் அவருக்கு அக்குறை புலனாகாது. விடுபட்டது ஏட்டில் இல்லையன்றோ? நண்பர் ஏட்டில் அதனைக் காணும்போதே புலனாகும். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரி, பிறர்க்கு மட்டும் உரிய உவமையன்று என்பதையும் அவர் அப்போது உணர்வார்.

நன்னூலார் அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைக் கடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினார். இவற்றை ஒவ்வொருவர்க்கும் இட்ட மாறாப் பெயர்களாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. குழுவில் பயில்வாரை நோக்குமிடத்து அது பொருந்தவில்லை. யாப்பிலக்கணத்தில் கிளியாய் நிற்பவரே கல்வெட்டுப் படிப்பில் அன்னமாகின்றார்.

மேலைநாட்டாரும் இத்தகைய பகுப்புகளைச் செய்துள்ளனர். டேவிட் கோல்ப் 1984-இல் கற்கும் பாங்குகள் நான்கு என்றார். பிளெமிங், மில்ஸ் இருவரும் 1992-இல் காட்சி, செவி, எழுத்து, செயல் என வேறொரு நான்கைக் கூறினர். 2008-இல் பாஷ்லர் முதலிய நால்வர் இத்துறை ஆய்வுகளைத் திறனாய்ந்தனர். அவரவர் பாங்கிற்கேற்பக் கற்பித்தால் கல்வி மிகும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்பது அவர்தம் முடிபு. விருப்ப வேறுபாடு உண்டென்பதை அவர்கள் மறுத்திலர். இது வெறும் கொள்கைப் பூசலன்று. ‘யான் செவியாற் கற்பவன், ஏடு எனக்கு ஒவ்வாது’ எனத் தனக்குத்தானே பெயரிட்டுக்கொண்டு பழைய உரைகளைத் திறவாமலே பட்டம் பெறும் மாணவரை இன்று காண்கின்றோம். இழப்பு அவரோடு நிற்பதில்லை. அவரிடம் நாளை பாடங்கேட்பாரையும் சாரும்.

குழுப்பயிற்சியில் மிகவும் இரங்கத்தக்கது பசுவின் நிலையே. நிறைய மேய்ந்தபின் ஓரிடத்தமர்ந்து அசைபோடுதல் அதன் இயல்பு. பத்து நிமிட உரையாடலில் அத்தகையார் வாய்திறவார். விரைந்து பேசுவோர் அவரைச் சோம்பரென எண்ணுவர். பங்கேற்பிற்கு மதிப்பெண் இடும் ஆசிரியரும் அவ்வாறே எண்ணுவர். முதலிடம் பெறவேண்டியவர் கடையிடத்திற்குத் தள்ளப்படுகின்றார். நாளடைவில் தம்மையும் அவ்வாறே கருதத் தொடங்குகின்றார். நன்னூலார் நூல்பயிலும் இயல்பை வகுத்தபோது, கேட்டவற்றைச் சிந்தித்தலை உடன்பயிறலுக்கு முன்னரே வைத்தார். அவ்வைப்புமுறை கருதியதாயினும் அன்றாயினும், நமக்கு அது பயன்படுவதே.

குறிப்பேடுகளை ஒப்புநோக்கிய குழுவினரை மறுநாளும் அரைமணி நேரம் கூட்டிப் பார்த்ததில், முதல்நாள் பேசாதிருந்த சிலர் குழுவின் முடிபுக்கு மாறான பாடவேறுபாட்டைச் சான்றுடன் கொணர்ந்தனர். முதல்நாள் மிகுதியாகப் பேசியவர்களே அதனைத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டனர்.