கடல் கடந்து வந்த மொழி

பிள்ளைகளே, உலகப் படத்தைப் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய தீவு தெரிகிறதா? அதுதான் மடகாஸ்கர். உலகின் நான்காவது பெரிய தீவு. கிரீன்லாந்து, நியூகினி, போர்னியோ ஆகிய மூன்றும்தான் அதைவிடப் பெரியவை. போர்னியோ என்ற பெயரை மறந்துவிடாதீர்கள். அது மறுபடியும் வரும்!

மடகாஸ்கரில் சுமார் 3 கோடி மக்கள் வாழ்கிறார்கள். தலைநகரம் அந்தனானரிவோ. சோறுதான் அவர்களின் முக்கிய உணவு. சோறு எடுத்த பிறகு, பானையில் அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். அந்தத் தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிப்பார்கள்.

அவர்கள் பேசும் மொழி மலகாசி. "பக்கத்துல ஆப்பிரிக்கா இருக்கு. அப்போ அது ஆப்பிரிக்க மொழிதானே?" என்று கேட்பீர்கள். இல்லை! அது மலாய் மொழிக்குச் சொந்தம். நிலாவை மலாயில் 'புலான்' என்பார்கள். மலகாசியில் 'வுலன' என்பார்கள். ஐந்து என்பது மலாயில் 'லீமா', மலகாசியில் 'டிமி'.

இது எப்படி நடந்தது? 1,000 ஆண்டுகளுக்கும் முன்பே, போர்னியோ பக்கத்திலிருந்து மக்கள் கடல் வழியாக மடகாஸ்கருக்கு வந்தார்கள். ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தூரம்! ஆப்பிரிக்காவிலிருந்தும் மக்கள் வந்தார்கள். எல்லோரும் கலந்து வாழ்ந்தார்கள். அதனால் மாடு, கோழி ஆகியவற்றுக்கான மலகாசிச் சொற்கள் ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து வந்தவை. கிழமைகளின் பெயர்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை.

1896 முதல் 1960 வரை பிரான்ஸ் அந்த நாட்டை ஆண்டது. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பிரெஞ்சு மொழி வந்தது. ஆனால் மலகாசி போய்விட்டதா? போகவில்லை! வீட்டிலும் சந்தையிலும் வயலிலும் மக்கள் அதையே பேசினார்கள். பாட்டி பேரனிடம் பேசினார். பேரன் தன் பிள்ளையிடம் பேசினான். இன்று மலகாசி, பிரெஞ்சு இரண்டுமே அந்த நாட்டின் ஆட்சி மொழிகள்.

கடல் கடந்து வந்த மொழி, வேறு மொழிச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் நிலாவின் பழைய பெயரை அது மறக்கவில்லை.

பேசிப் பார்ப்போமா?

உங்கள் வீட்டில் மட்டும் கேட்கிற தமிழ்ச் சொல் ஒன்று இருக்கும். அம்மா சொல்வதா? தாத்தா சொல்வதா? அது என்ன சொல்லுன்னு கேட்டு, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாங்க. எல்லோரும் சொல்லிப் பார்ப்போம்!