இருவர்ண ஹோஸ்டா

மலரின் பொருட்டே தோட்டம் போடுவோர் பலராயினும், இலையழகு ஒன்றுக்காகவே போற்றி வளர்க்கப்படும் செடிகளும் உண்டு. ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய தேசங்களைத் தாயகமாகக் கொண்டு, ஆஸ்திரிய தாவர சாஸ்திரி நிக்கலாஸ் ஹோஸ்டின் கௌரவார்த்தமாக 1812-இல் பெயர் பெற்று, இன்று குளிர்நாட்டு நிழல் தோட்டங்களிலெல்லாம் முதன்மை வகிக்கும் ஹோஸ்டா அத்தகையது.

1936-இல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்து நாற்றுப் பண்ணையொன்றில், நீலம் பாய்ந்த பச்சிலைச் செடிகள் வரிசையாக நிற்க, அவற்றினிடையே ஒன்று மட்டும் இலைதோறும் மஞ்சள் விளிம்பு கட்டி நிற்பதைப் பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்னும் அம்மையார் கண்டெடுத்தார். பிற்காலத்தில் அவர் பெயரையே தாங்கிப் புகழடைந்த அந்த ரகம் இயற்கை தானாகச் செய்த விகாரமேயன்றி, மனிதர் கலந்து உண்டாக்கியதன்று. குருத்து நுனியில் அடுக்கடுக்காய் அமைந்த உயிரணுப் படலங்களுள் ஒன்றில் பச்சையம் உண்டாகும் சக்தி குன்றினால், அதிலிருந்து விரியும் பாகம் மட்டும் வெளுத்தோ மஞ்சளித்தோ போகிறது. நாம் மெச்சும் வெண்மை, செடியைப் பொறுத்தவரை, பச்சைப் பாகத்தின் உழைப்பில் உண்டு வாழ்வது; ஆதலால் விளிம்பு வெளுத்த ரகங்கள் செழிக்க, நடுப்பாகம் வெளுத்தவை மந்தமாகவே வளர்கின்றன.

நிழற்செடி என்றதும் இருட்டு மூலையைத் தேடலாகாது. காலை இளவெயில் சிறிது பட்டு, உச்சிப்பொழுதில் மர நிழல் கவியும் இடமே உத்தமம்; வெயில் மிகுந்தால் வெளிறிய பாகம் தீய்ந்து பழுப்பாகும்; வெளிச்சம் குன்றினால் வளர்ச்சி குன்றும். இலைமக்கு நிறைந்து, ஈரம் தங்கியும் நீர் தேங்காத மண்ணும், இளந்தளிரைத் துளைத்துத் தின்னும் நத்தைகள்மீது விழிப்பும் அவசியம். குளிர்காலத்தில் இலைகள் மடிந்து வேர்த்தண்டு உறங்கி எழுந்தாலன்றி இச்செடி தழைப்பதில்லை. ஆகையால் உஷ்ணப் பிரதேசங்களில் இது நிலைப்பதரிது.

விதையிலிருந்து இருவர்ணம் பெரும்பாலும் வருவதில்லையாதலால், புதரை வேரோடு பிரித்து நடுவதே மரபு. சிற்சில சமயம் அப்புதரிலேயே முழுப்பச்சை முளையொன்று கிளம்பும். அது பலம் மிக்கதாகையால், கவனியாது விட்டால் சில வருஷங்களில் வர்ண முளைகளை நெருக்கி ஒடுக்கிவிடும். இலையை மட்டும் கிள்ளாமல், அம்முளையை வேரோடு அகற்ற வேண்டும். அகற்றியதை எறிய வேண்டுவதில்லை. வர்ணச்செடிக்கு வெளிச்சம் போதாத இடத்தில் நட்டாலும், அது பிழைத்துக்கொள்ளும்.