துறைமுகத்தை வாசலாகக் கொண்ட தலைநகரம்

தென் அமெரிக்காவைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல்களில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு அந்தக் கண்டத்தின் தலைநகரங்கள் பெரும்பாலும் கைக்கெட்டாத தூரத்திலேயே நின்றுவிடுகின்றன. கீட்டோவும் பொகோட்டாவும் மலைமேல் இருக்கின்றன. பிரேசிலின் தலைநகரம் உள்நாட்டுப் பீடபூமியில் இருக்கிறது. சாந்தியாகோவைக் காண விரும்புகிறவர் வால்பரைசோ துறைமுகத்தில் இறங்கி நூறு கிலோமீட்டருக்கும் மேலாகச் சாலை வழியே போய்த் திரும்ப வேண்டும். லிமாவுக்குக் கய்யாவோ, கராகஸுக்கு லா குவைரா என்று துறைமுகம் ஓரிடமும் நகரம் வேறிடமுமாக அமைந்திருக்கின்றன. உருகுவே நாட்டின் தலைநகரமாகிய மான்டிவிடியோவோ, கப்பலின் படியிறங்கித் துறைமுக வாயிலைக் கடந்து ஒரு சாலையைத் தாண்டியதுமே தன் பழைய வீதிகளுக்குள் பிரயாணியை அழைத்துக்கொண்டுவிடுகிறது.

இதில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த நகரத்தை உண்டாக்கியவை அனைத்தும், அதன் மனிதர்களும் அடிமைகளும், அடைக்கலம் தேடி வந்த தலைவர்களும், ஒரு சமயம் உலக யுத்தமுமேகூட, நீர்வழியாகவே இங்கே வந்து சேர்ந்தன. ஆகையால் துறைமுகத்தின் வழியாக நுழைகிறவர் இதன் சரித்திரத்துக்குள் முறைப்படி தலைவாசல் வழியாகவே நுழைகிறார். தென்கோளத்துக் கோடையான நவம்பர் முதல் மார்ச் வரையில் காலையில் வந்து மாலையில் புறப்படும் கப்பல்கள் தரும் எட்டு ஒன்பது மணி நேரத்தில், திராட்சைத் தோட்டத்துக்கும் மாட்டுப் பண்ணைக்கும் பேருந்தில் அழைத்துச் செல்லும் ஏற்பாடுகள் பல உண்டு. அவற்றைத் தவிர்த்துவிட்டு, பழைய நகரம் நின்றிருக்கும் சிறு தீபகற்பத்தைக் காலால் நடந்து பார்ப்பதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கப்பல் கரையை நெருங்கும்போதே கண்ணில் படுவது நீரின் காவி நிறம். வெள்ளி ஆறு என்று பொருள்படும் ரியோ டி லா பிளாட்டா என்னும் இந்த முகத்துவாரம், பரானா, உருகுவே என்ற இரண்டு பேராறுகள் அடித்துக்கொண்டு வரும் வண்டலால் எப்போதும் கலங்கியே கிடக்கிறது. சமுத்திரத்தை நோக்கி விரியும் இடத்தில் அதன் அகலம் 200 கிலோமீட்டருக்கும் அதிகமாதலால் எதிர்க்கரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1516இல் இதற்குள் பிரவேசித்த சோலிஸ் என்ற ஸ்பானிய மாலுமி, கரையில் இறங்கிய இடத்திலேயே சுதேசிகளால் கொல்லப்பட்டார். தங்கமும் வெள்ளியும் இல்லாத இந்தக் கரையை ஸ்பெயின் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து விடப்பட்ட மாடுகள் மட்டும், ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே புல்வெளியெங்கும் பல்கிப் பெருகின. போர்த்துகீசியர் 1680இல் ஆற்றின் மேல்பக்கத்தில் கொலோனியாவை ஸ்தாபித்து, பிறகு இந்த விரிகுடாவிலும் காலூன்ற முயன்ற பிறகுதான், புவனோஸ் அயர்ஸின் கவர்னரான சபாலா விழித்துக்கொண்டு, 1724இல் படையுடன் வந்து இந்நகரத்துக்கு அஸ்திவாரமிட்டார்.

துறைமுகப் பகுதியிலேயே, அவசரமாகப் போகிறவர்கள் ஏறிட்டும் பாராமல் கடந்துவிடக்கூடிய இரண்டு இரும்புப் பொருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கனத்த நங்கூரம். மற்றொன்று, பீரங்கிகளுக்குத் தூரம் கணிக்கும் கருவி. இரண்டும் ‘அட்மிரல் கிராஃப் ஷ்பே’ என்ற ஜெர்மன் போர்க்கப்பலுடையவை. 1939ஆம் வருஷம் டிசம்பர் 13ஆந் தேதி, எக்ஸிடர், ஏஜாக்ஸ், அகிலீஸ் என்னும் மூன்று கப்பல்களோடு இந்த முகத்துவாரத்துக்கு வெளியே போரிட்டுக் காயமுற்ற அக்கப்பல், தன்னுடைய மாலுமிகளில் 30 பேருக்கு மேல் பலிகொடுத்த நிலையில் இத்துறைமுகத்தில் வந்து ஒதுங்கியது. யுத்தத்தில் எப்பக்கமும் சேராதிருந்த உருகுவே அரசாங்கம், பழுது பார்த்துக்கொள்ள 72 மணி நேரமே அவகாசம் கொடுத்தது. வெளியே பெரும் கடற்படை காத்திருக்கிறது என்று பிரிட்டிஷார் பரப்பிய பொய்ச் செய்தியை நம்பிய தளபதி லாங்ஸ்டார்ஃப், வீணாகத் தன் ஆட்களைச் சாகக்கொடுக்க மனமின்றி, 17ஆந் தேதி மாலை, கரை நெடுகத் திரண்டு நின்ற ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கப்பலை வெளியே கொண்டுபோய்த் தாமே வெடிவைத்துத் தகர்த்தார். மூன்று தினங்களுக்குள் புவனோஸ் அயர்ஸில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அதற்கு முன் அவர் மூழ்கடித்த ஒன்பது வர்த்தகக் கப்பல்களில் ஒரு மாலுமியின் உயிருக்கும் சேதம் நேரவில்லை என்பதை நினைக்கும்போது, எதிரியாக நின்றவரானாலும் அந்த மனிதரிடம் மரியாதை உண்டாகிறது. கப்பலின் பின்புறத்தை அலங்கரித்த, ஸ்வஸ்திகத்தின்மேல் இறகு விரித்த வெண்கலக் கழுகு 2006இல் நீரிலிருந்து எடுக்கப்பட்டது. அதை உருக்கிச் சமாதானப் புறாவாக வார்க்கப்போவதாக 2023இல் ஜனாதிபதி அறிவித்தார். சரித்திரச் சான்றை அழிக்கலாகாது என்று எழுந்த எதிர்ப்பைக் கண்டு இரண்டொரு நாளிலேயே அந்த யோசனையைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்ததென்று நான் கருதுகிறேன்.

துறைமுகத்திலிருந்து மேட்டை நோக்கிச் சற்று நடந்தால் மரங்கள் நிழல் பரப்பும் மாத்ரிஸ் சதுக்கம். ஒருபுறம் தேவாலயம், எதிர்ப்புறம் கபில்தோ என்னும் பழைய நகர சபைக் கட்டிடம். 1830 ஜூலை 18ஆந் தேதி உருகுவேயின் முதல் அரசியல் சட்டத்துக்கு ஜனங்கள் பிரமாணம் செய்துகொடுத்தது இங்கேதான். 1871இல் குழாய் நீர் முதன்முதலாக நகரத்துக்கு வந்ததன் ஞாபகார்த்தமாக அமைத்த சலவைக்கல் நீரூற்று நடுவே இருக்கிறது. இங்கிருந்து செல்லும் சராண்டி வீதியில் வாகனங்கள் கிடையா. இந்த வீதியில் உள்ள டோரஸ் கார்சியா சித்திரசாலையை மட்டும் அவசியம் பார்க்க வேண்டும். 1943இல் தென் அமெரிக்காவைத் தலைகீழாக, தென் முனை மேலே இருக்கும்படி வரைந்து, எங்களுக்குத் திசைகாட்டி தெற்கே என்று அறிவித்த ஓவியர் அவர். அருகிலேயே, 1877 முதல் நடந்துவரும் பிரசிலேரோ காப்பிக் கடையில், லத்தீன் அமெரிக்கா சுரண்டப்பட்ட வரலாற்றை எழுதி உலகப் புகழ் பெற்ற எடுவார்தோ கலியானோ பல வருஷங்கள் வந்து அமர்ந்திருக்கிறார்.

வீதியின் முடிவில், இடிக்கப்பட்ட கோட்டையில் எஞ்சிய ஒரே கல்வாயில் தனியாக நிற்க, அதற்கு அப்பால் சுதந்திரச் சதுக்கம் பரந்து விரிகிறது. நடுவே குதிரைமேல் அமர்ந்திருப்பவர் ஹோசே ஆர்ட்டிகாஸ். நாட்டின் தந்தை என்று உருகுவே கொண்டாடும் இம்மனிதர், 1815இல் வகுத்த நிலத் திட்டத்தில், விடுதலை பெற்ற கறுப்பர்களுக்கும் சுதேசிகளுக்கும் ஏழைகளுக்கும் நிலம் கொடுக்க வேண்டுமென்றும், மிகவும் நலிந்தவர்களுக்கே முன்னுரிமை என்றும் விதித்தார். அந்தக் காலத்தில் அப்படி நினைத்ததே அபூர்வம். 1820இல் தோல்வியுற்றுப் பராகுவேயில் புகுந்தவர் முப்பது வருஷம் அங்கேயே வாழ்ந்து, 1850இல் தாய்நாட்டைத் திரும்பக் காணாமலே காலமானார்.

சிலையின் அடியில் படிக்கட்டு வழியாக இறங்கினால், வெளிச்சம் மங்கிய விசாலமான பாதாள மண்டபத்தில் அவருடைய அஸ்தி ஒரு பேழையில் இருக்கிறது. பழைய காலத்துச் சீருடையில் இரண்டு வீரர்கள் அசைவற்றுக் காவல் நிற்கிறார்கள். சுவர்களில் பெரிய எழுத்துக்களில் பொறித்திருப்பவை அவர் வாழ்க்கைச் சம்பவங்களின் பெயர்களும் வருஷங்களும் மாத்திரமே. அவருடைய வாக்கு ஒன்றுகூட இல்லை. இம்மண்டபம் 1977இல், ராணுவ சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த காலத்தில் திறக்கப்பட்டது. ஆர்ட்டிகாஸ் சொன்னவற்றில் எதைப் பொறித்தாலும் அது அந்த ஆட்சியையே கண்டிப்பதாக இருந்தபடியால் வருஷங்களோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று நகரவாசிகள் சொல்கிறார்கள். 1973 முதல் 1985 வரையில் இந்நாட்டு மக்கள் அனுபவித்த துன்பத்தை அந்த வெறுஞ்சுவர் எனக்கு உணர்த்தியதுபோல எந்தப் புத்தகமும் உணர்த்தவில்லை.

மேலே ஏறி வந்ததும், சதுக்கத்தின் ஓரத்தில் ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சால்வோ மாளிகை கண்ணை நிரப்புகிறது. 1928இல் கட்டி முடித்த இதன் இடத்தில் முன்பு ஒரு சிற்றுண்டிச்சாலை இருந்தது. மாத்தோஸ் ரோட்ரிகஸ் என்ற கல்லூரி மாணவர் இயற்றி, உலகம் முழுவதும் பரவிய ‘லா கும்பார்சித்தா’ என்னும் டாங்கோ 1917இல் முதன்முதலாக வாசிக்கப்பட்டது அங்கேதான். கால்பந்தில் பிரியமுள்ளவர்கள் இங்கிருந்து டாக்ஸி பிடித்துச் சென்டனாரியோ மைதானத்துக்குப் போகலாம். 1930இல் முதலாவது உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 4–2 என்று உருகுவே வென்ற மைதானம் அது.

நவம்பரிலோ மார்ச்சிலோ வருகிறவர்கள் இந்த வீதிகளில் வெள்ளை மேலங்கியும் கழுத்தில் பெரிய நீல நாடா முடிச்சுமாகப் பள்ளிக்கூடம் செல்லும் சிறுவர் சிறுமியரைக் காணலாம். பணக்காரர் ஏழை என்ற பேதம் தெரியாதபடி எல்லாரையும் ஒருபோல மூடும் அந்த உடையை நான் இந்நகரத்தின் எந்த மாளிகையைவிடவும் மேலாக மதிக்கிறேன். கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்று ஹோசே பெத்ரோ வரேலா பாடுபட்டு, 1877இல் அது சட்டமாயிற்று. இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்த பாட்யே இ ஓர்டோனியெஸின் முயற்சியால், 1907இல் மரண தண்டனை ஒழிந்தது. காரணம் கூறாமலே மணவிலக்குக் கோரும் உரிமை 1913இல் பெண்களுக்குக் கிடைத்தது. 1915இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. 1919 முதல் அரசாங்கத்துக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. கிறிஸ்துமஸ் தினத்துக்கு அரசாங்கப் பஞ்சாங்கத்தில் குடும்ப தினம் என்றுதான் பெயர். சுமார் 35 லட்சம் ஜனங்களே உள்ள ஒரு சிறு தேசம், இரண்டு பெரிய அயலார்க்கிடையே இருந்துகொண்டு இவ்வளவையும் முன்கூட்டியே செய்திருக்கிறது.

நடுப்பகலில் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள மெர்காதோ டெல் புவர்த்தோ என்ற பழைய சந்தைக்குத் திரும்புவது நல்லது. லிவர்பூலில் வார்த்த இரும்புத் தூண்களையும் உத்தரங்களையும் கப்பலில் கொண்டுவந்து 1868இல் எழுப்பிய கூடம் இது. இன்று இங்கே காய்கறி விற்பனை இல்லை. இறைச்சி வாட்டும் கடைகளே நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு கடையிலும் இரும்புக் கூடையொன்றில் விறகு எரிந்துகொண்டிருக்க, அதிலிருந்து உதிரும் கங்குகளைச் சமையற்காரர் நீண்ட கோலால் இழுத்து, சரிவாக வைத்த கம்பித் தட்டியின் அடியில் பரப்புகிறார். கொழுப்பு சொட்டினாலும் நெருப்பு கொழுந்துவிடாமல் தணலாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. விலா எலும்பு, தொத்திறைச்சி, இரத்தத் தொத்திறைச்சி என்று வகைகள் பல. வாட்டும்போது உப்பைத் தவிர மசாலா எதுவும் சேர்ப்பதில்லை. மாமிசம் புசிக்காதவர்கள், தணலில் உருகி மேலே பொன்னிறமாகப் பொரிந்த பாலாடைக் கட்டியையும் சுட்ட சிவப்புக் குடைமிளகாயையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிற்பகலில் தெற்குக் கரைக்கு நடந்தால், இளஞ்சிவப்புக் கருங்கல் மதிலோடு 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ரம்ப்லா என்னும் கடற்கரைச் சாலை. பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையிலுள்ள சுரைக்குடுக்கையில் திணித்த மாத்தே இலைமீது கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சியபடி நடக்கிறவர்கள் இங்கே ஏராளம். ஒரே குடுக்கையும் ஒரே குழலும் நண்பர்களுக்குள் கைமாறிக்கொண்டே போகின்றன.

இச்சாலையை ஒட்டியது பாரியோ சூர் என்னும் எளிய பகுதி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பிரதேசம் முழுவதற்கும் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்கும் பிரதான துறைமுகமாக இருந்த பழி மான்டிவிடியோவுக்கு உண்டு. 1842இல் விடுதலை பெற்ற அவர்களுடைய சந்ததியார் இங்கே காண்டோம்பே மேளத்தைக் காப்பாற்றி வளர்த்தார்கள். சீக்கோ, ரெப்பிக்கே, பியானோ என மூன்று அளவுள்ள மேளங்களைத் தோளில் மாட்டி, ஒரு கையில் குச்சியும் மறு கையை வெறுங்கையாகவும் வைத்து முழக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுகளில் தெருவோரம் சிறு தீ மூட்டி, நம் ஊரில் பறையைக் காய்ச்சுவதுபோலவே தோலைச் சூடேற்றி விறைக்கவைத்து, தட்டித் தட்டிச் சுருதி பார்த்துவிட்டுத்தான் ஊர்வலத்தைத் தொடங்குவார்கள். பிப்ரவரியில் நடக்கும் யாமாதாஸ் ஊர்வலம் பெரிய திருவிழா. யுனெஸ்கோ 2009இல் இக்கலையை மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் அதற்கு 31 வருஷம் முன்பு, இந்த மேளத்தின் பிறந்த வீடு என்று சொல்லத்தக்க மேடியோமுண்டோ என்னும் குடியிருப்பை ராணுவ அரசாங்கம் இடித்துத் தள்ளி, அதிலிருந்த குடும்பங்களை நகரத்தின் புறத்தே சிதறடித்தது. வெளியேறுமுன் அவர்கள் கூடிக் கடைசியாக மேளம் முழக்கிய நாள் 1978 டிசம்பர் 3. அந்தத் தேதியையே இப்போது காண்டோம்பேக்குரிய தேசிய தினமாகச் சட்டம் செய்திருக்கிறார்கள்.