நாக்கை நீட்டு என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள்!

உங்கள் ஆபீஸ் வாசலில் முறுக்கு மீசையோடு ஒரு செக்யூரிட்டி இருப்பார். மானேஜர் கார் வந்தால் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். நீங்களும் 'பெரியவரே' என்று கூப்பிட்டுக் கொண்டிருப்பீர்கள். வயசைக் கேட்டுப் பாருங்கள். 41 தான் இருக்கும்!

ராணுவத்தில் சிப்பாய் ரிட்டையர் ஆகிற வயசு அப்படி. 18-ல் சேர்ந்து 17 வருஷம் முடித்தால், 35 வயசில் கையில் பென்ஷன் புத்தகத்தைக் கொடுத்து 'போய் வாப்பா' என்று அனுப்பி விடுவார்கள். நானும் அப்படி வந்த ஒரு ஹவில்தார்தான். இப்போது ஒரு தனியார் கம்பெனியில் ஃபைல் புரட்டுகிறேன். கூட வேலை பார்க்கிற இளவட்டங்கள் கேட்கிற முதல் கேள்வி, "சார், மிலிட்டரி சரக்கு கிடைக்குமா?" யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "சார், மிலிட்டரி வைத்தியம் இன்னும் கிடைக்குதா?"

கிடைக்கிறது. ஆனால் ரூட் மாறிவிட்டது.

பட்டாளத்தில் இருக்கிறவரை நம் உடம்பு நம்முடையது இல்லை, சர்க்காருடையது. வருஷா வருஷம் கூப்பிட்டு நிறுத்தி நாக்கை நீட்டு, மூச்சை இழு, கண்ணை உருட்டு என்பார்கள். மனநிலை, காது, கை கால், உடல் திறன், கண் பார்வை ஐந்தும் சரியாக இருந்தால் 'ஷேப் ஒன்' என்று முத்திரை. தொப்பை எட்டிப் பார்த்தால் போச்சு, லோ கேட்டகிரி. காய்ச்சல் என்றால் 'சிக் ரிப்போர்ட்' புத்தகத்தில் பேர் எழுதிக்கொண்டு எம்.ஐ. ரூமுக்குப் போகணும். தலைவலிக்கும் அதே மாத்திரை, கால் சுளுக்குக்கும் அதே மாத்திரை! டாக்டர் 'அட்டென்ட் சி' எழுதிவிட்டால் அன்றைக்கு டூட்டி கிடையாது, படுக்கையில் ரெஸ்ட். லாட்டரி விழுந்த மாதிரி. பெரிய வியாதி என்றால் மிலிட்டரி ஆஸ்பத்திரி. என் மனைவியின் பிரசவமும் அங்கேதான். 17 வருஷத்தில் ஆஸ்பத்திரி பில் என்கிற காகிதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

ரிட்டையர் ஆன மறுநாள்? மாலை வாடிவிடும், கறுப்பு டிரங்குப் பெட்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். உடம்பு மறுபடி நம் பொறுப்புக்கு வந்துவிடும். நாக்கை நீட்டச் சொல்ல ஆள் இல்லை.

இதற்காக ஆரம்பித்ததுதான் ஈ.சி.ஹெச்.எஸ். முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 'பங்களிப்பு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒரு தடவை பணம் கட்டணும். 2017 டிசம்பர் கடைசியில் நிர்ணயித்த கணக்குப்படி ஹவில்தார் வரைக்கும் 30,000 ரூபாய். நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000. ஆபீசர்களுக்கு 1,20,000. வார்டும் அதே வரிசைதான். எங்களுக்கு ஜெனரல், அடுத்தவர்களுக்கு செமி பிரைவேட், ஆபீசருக்குத் தனி ரூம். வியாதிக்குத்தான் ரேங்க் தெரியாது!

'முப்பதாயிரமா?' என்று வாயைப் பிளக்காதீர்கள். உங்கள் கம்பெனி இன்ஷூரன்ஸ், வேலையை விட்ட அன்றே 'டாட்டா' காட்டிவிடும். சொந்தமாகப் பாலிசி எடுத்தால் வருஷா வருஷம் பிரீமியம், 'ஏற்கெனவே சர்க்கரை உண்டா?' என்ற விசாரணை, இத்தனை லட்சம் வரைதான் என்ற வரம்பு. இதில் கட்டுவது ஒரே தடவை, கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுக்க. பழைய வியாதி இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. வைத்தியச் செலவுக்கு உச்சவரம்பும் இல்லை.

அப்புறம் என்ன கஷ்டம்? நடைதான்!

முதலில் பாலிகிளினிக் போகணும். நாடு முழுக்க 400-க்கு மேல் இருக்கின்றன. சென்னை, ஆவடி, தாம்பரம், வேலூர், மதுரை, திருச்சி, கோவை என்று நம் பக்கமும் உண்டு. அங்கே டாக்டர் பார்ப்பார், மருந்து தருவார். பெரிய சமாசாரம் என்றால் 'ரெஃபரல்' எழுதித் தருவார். அந்தச் சீட்டோடு போனால், திட்டத்தில் சேர்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் வைத்தியம். சீட்டு இல்லாமல் 'எனக்குத் தெரிஞ்ச டாக்டர்' என்று போனால் பில் உங்கள் தலையில்.

க்யூவில் ஒரு ரிட்டையர்ட் சுபேதார் என்னை மடக்கினார்.

"ஏம்ப்பா, டோக்கன் என்ன?"

"47, சாப்."

"எனக்கு 52. பட்டாலியன்ல எனக்கு முன்னாடி நடந்திருப்பியா நீ?"

"வாங்க சாப், முன்னாடி நில்லுங்க."

"வேணாம்ப்பா. முன்னாடி போனாலும் அந்த பி.பி. மாத்திரை ஸ்டாக் இல்லையாம்!"

மருந்து ஸ்டாக் இல்லை என்பது க்யூவில் அடிக்கடி காதில் விழுகிற புலம்பல். இன்னொன்று, பில் பணம் லேட்டாக வருகிறது என்று சில ஆஸ்பத்திரிகள் காட்டுகிற முகம். ஒரு ஆஸ்பத்திரி கவுண்டரில் என் கார்டைப் பார்த்ததும் "பெட் இல்லை சார்" என்றார்கள். பின்னால் ரொக்கத்தோடு வந்தவருக்கு எங்கிருந்தோ பெட் முளைத்தது! நான் விடவில்லை. பாலிகிளினிக் பொறுப்பாளருக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் எனக்கும் ஒன்று முளைத்தது. அந்தப் போன் நம்பர் பர்ஸில் இருக்க வேண்டியது முக்கியம்.

நெஞ்சுவலி மாதிரி அவசரம் என்றால் ரெஃபரலுக்கு ஓட வேண்டாம். திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகலாம். உயிர் போகிற நேரத்தில் வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் பரவாயில்லை. ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போகணும். பணத்தை நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கிடைப்பது சர்க்கார் ரேட்தான், ஆஸ்பத்திரி போட்ட ரேட் அல்ல. இந்த 48 மணி நேரக் கணக்கு வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கணும். படுத்துக் கிடக்கிறவன் போன் செய்ய முடியாதே!

பையனுக்கு 25 வயசு வரை அல்லது சம்பாதிக்க ஆரம்பிக்கும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. பெண்ணுக்குக் கல்யாணமோ வேலையோ ஆகும் வரை. அப்பா அம்மாவையும் சேர்க்கலாம், அவர்கள் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான பஞ்சப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. ஆனால் சர்வீஸ் ரிக்கார்டில் பேர், பிறந்த தேதி எல்லாம் ஆதாரோடு ஒத்துப் போகணும். 'முனியம்மாள்' ஒரு இடத்தில் 'முனியம்மா' ஆகியிருந்தால் அந்த ஒரு 'ள்'ளுக்காக நாயாய் அலைய வேண்டும். யூனிட்டில் இருக்கும்போதே திருத்திவிட்டால் ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை.

அதேபோல வெளியே வருகிற நேரத்து மெடிக்கல் பரிசோதனையில் 'நான் ஸ்ட்ராங்கு சார்' என்று வீரம் பேசக் கூடாது. முட்டி வலி, காது மந்தம் எல்லாவற்றையும் எழுத வைக்கணும். ஊனப் பென்ஷன் கேட்டால், முதலில் புரட்டுவது அந்தப் பேப்பரைத்தான்.

இனி விஷயம் சீரியஸ். இந்தக் கார்டு பொதுவாகப் பென்ஷனோடு ஒட்டிப் பிறந்தது. பென்ஷன் இல்லாத ஷார்ட் சர்வீஸ் ஆபீசர்களுக்கு 2019-ல் கதவைத் திறந்தார்கள். ஆனால் 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேருகிற தம்பிகளுக்கு 4 வருஷம்தான். சர்வீஸில் இருக்கும்வரை மிலிட்டரி ஆஸ்பத்திரி, 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு எல்லாம் உண்டு. முடிந்ததும் சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் கைக்கு வரும். நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் படையில் தொடரலாம். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் அந்தஸ்து கிடையாது, இந்தக் கார்டும் கிடையாது.

அதே பனி, அதே மலை, அதே முட்டி. கார்டு மட்டும் இல்லை. இது சரியா என்று பெரியவர்கள் வாதம் பண்ணட்டும். தம்பிகளுக்கு என் யோசனை ஒன்றுதான். சேவா நிதியில் பைக் வாங்குவதற்கு முன்னால் ஒரு மருத்துவ பாலிசி வாங்குங்கள். 22, 23 வயசில் பிரீமியம் குறைவு, வியாதி லிஸ்ட்டும் காலி.

கார்டு இருக்கிறவர், இல்லாதவர், கம்பெனி இன்ஷூரன்ஸை நம்பி ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறவர்... எல்லோருக்கும் பொதுவான ஆர்டர் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள், பிறந்த நாளாகவே இருக்கட்டும், கண்ணாடி முன்னால் நின்று உங்களுக்கு நீங்களே ஒரு 'சாவ்தான்!' சொல்லுங்கள். நாக்கை நீட்டிப் பாருங்கள். அப்படியே பி.பி., சர்க்கரை டெஸ்டுக்குக் கிளம்புங்கள்.

கேக்கை வந்து வெட்டிக்கொள்ளலாம். சர்க்கரை அளவைப் பொறுத்து!