கணக்கு அறிந்த மனம் கலங்காது

'மன நிம்மதி இல்லை' என்று எம் தோட்ட மக்கள் சொல்லும்போது, பெரும்பாலும் அவர்கள் மனதில் இருப்பது கடன். சம்பள நாளன்று கைக்கு வருவதைவிடக் கழிபடுவது அதிகமானால் உறக்கம் எப்படி வரும்? 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று ஆறுதல் சொல்வது எளிது. ஆனால் துணிவும் நேர்மையும் நிம்மதியும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை மலையக வரலாறே எமக்குக் கற்றுத் தருகிறது.

தமிழகத்திலிருந்து வந்த எம் முன்னோரின் வழிச்செலவும் உணவும் முற்பணமாக அவர்கள் பெயரில் எழுதப்பட்டன. எழுதியவர் கங்காணி, சுமந்தவர் தொழிலாளி. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடனோ தீராமல் ஆளோடு கூடவே போகும். தன் பெயரில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதை அறியாதவர் எப்படித் தலைநிமிர்ந்து பேசுவார்? 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

கணக்கைப் போலவே கடதாசியும் முக்கியம். 1948இல் எம் மக்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதைப் பெற, 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் திருமணமானவர்கள் 7 ஆண்டுகளும் மற்றவர்கள் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தும் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிடைத்தது. அச்சட்டம் அநீதியானது. ஆயினும் ஒரு பழைய பற்றுச்சீட்டு ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கலாம் என்ற பாடத்தை நாம் மறக்கலாகாது.

இன்று நாம் என்ன செய்யலாம்? முதலாவது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிறையை அன்றன்றே ஒரு கொப்பியில் குறித்து வைப்போம். முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, தீபாவளி முற்பணத்தில் இன்னும் எவ்வளவு மீதி என்பவற்றைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுவோம். ஊழியர் சேமலாப நிதிக்கு எம் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும் சேர வேண்டும். பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

இரண்டாவது, நிர்வாகத்திடம் நேர்மையைக் கேட்கும் நாம், அதை எமக்குள்ளும் கடைப்பிடிப்போம். மரண உதவிச் சங்கத்தின் பணம் யாரிடம் இருக்கிறதோ, அவர் மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் கணக்கை வாசிக்கட்டும். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு யாரிடமும் பயமில்லை.

மூன்றாவது, தனித்து நில்லாதிருப்போம். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தபோது, அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாடல்கள் பாடி மக்களைத் திரட்டினார். நெடுங்காலம் ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் பெற்ற எம் பெண்களுக்கு 1984இல் சம சம்பளம் கிடைத்தது. இவை தனி ஒருவரின் பொறுமையால் வந்தவை அல்ல.

கணக்கை அறிந்தால் கடன் உடனே தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. உழைப்புக்கு ஏற்ற சம்பளம் இல்லாதது எம் மக்களின் குற்றமும் அன்று. ஆனால் தன் கணக்கை அறிந்தவர் ஏமாற்றப்படுவது கடினம். குறை எங்கே இருக்கிறது என்பதை அவர் அறிவார். யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் அறிவார். அந்தத் தெளிவிலிருந்தே துணிவு வருகிறது. துணிவுள்ள வீட்டில் நிம்மதியும் குடிவரும். இந்த மாதச் சம்பளச் சீட்டிலிருந்தே தொடங்குவோமா?