இலக்கமும் இருப்பிடமும்

கடிதங்கள் வழிதவறாது சென்று சேர்தற்பொருட்டு, இந்திய அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறிலக்கக் குறியீட்டு எண்ணைப் புகுத்தியது. திண்டிவனத்தின் எண் 604001. விழுப்புரத்தின் எண் 605602. முன்னது ஒற்றைப்படை எண். பின்னது இரட்டைப்படை எண். இவற்றின் வேறுபாடு 1601. அஃது ஒரு பகா எண். ஆயினும், அவ்வேறுபாடு இவ்வூர்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் காட்டாது. இங்கு ஒவ்வோர் இலக்கமும் தான் நிற்கும் இடத்திற்கேற்பப் பொருள் தரும். முதலில் நிற்கும் 6, தமிழ்நாடு, கேரளம் முதலியன அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிக்கும் வட்டாரத்தையும், இறுதி மூன்றும் அஞ்சலகத்தையும் சுட்டும். திண்டிவனத்தின் எண்ணில் 4-க்கு மாறாக 6 என எழுதிவிட்டால், அது விருத்தாசலத்தின் எண்ணாகிவிடும். வேலைக்கு அழைக்கும் கடிதமாயின், ஒருவரது நல்வாய்ப்பே கைநழுவக்கூடும். ஆதலின், ஓர் இலக்கமும் பிழையாது எழுதுதல் வேண்டும்.